ரூட்டுக்கு எத்தனை ஜிபி? ஒரு 500 ஜிபி வட்டைப் பிரித்த பதிவு

2025 ஆகஸ்ட் 9 அன்று லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 13-ஆம் பதிப்பு வெளிவந்தது. அடுத்த வாரம் என் வீட்டு மேசைக்கணினியை 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு உயர்த்த உட்கார்ந்தபோது, நிரல் பொதிகளைத் தரவிறக்கி நிறுவும் ஏப்ட் கருவி ஒரு பொதியைக்கூடத் தரவிறக்காமல் நின்றுவிட்டது. தரவிறக்கத்துக்கு மட்டும் 1.8 ஜிபி வேண்டும், நிறுவி முடித்தபின் மேலும் 2 ஜிபி வேண்டும் என்று அது கணக்குக் காட்டியது. இயங்குதளமும் நிரல்களும் இருக்கும் ரூட் பிரிவில் எஞ்சியிருந்ததோ 1.2 ஜிபி. அதே வட்டில் என் கோப்புகள் இருக்கும் ஹோம் பிரிவில் 40 ஜிபி காலியாகக் கிடந்தது. ஒரே வட்டில் இடம் இருந்தும் வேண்டிய பக்கம் அது இல்லாத இந்த நிலையைச் சரிசெய்ய நான் எடுத்த வழியையும், புது வட்டை வாங்கி அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் அளவு முடிவுசெய்த கணக்கையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அலகைப் பற்றி முதலிலேயே ஒரு சொல். வட்டு விற்பவர்கள் 1000 மடங்கிலும், வட்டின் காலியிடத்தைக் காட்டும் டிஎஃப் போன்ற கட்டளைகள் ‘-எச்’ தெரிவோடு 1024 மடங்கிலும் கணக்கிடுகின்றன. பெட்டியில் 500 ஜிபி என்று அச்சிட்ட வட்டு, இயங்குதளத்தின் கணக்கில் 465.8 ஜிபிதான். வேறாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் நான் 1024 மடங்குக் கணக்கையே எழுதுகிறேன். இந்த வேறுபாடு பிற்பாடு நிறுவும்போது எனக்கு ஒரு வேலையையும் வைத்தது.

பழைய வட்டில் நடந்தது

அது 240 ஜிபி எஸ்எஸ்டி, உண்மையில் 223.5 ஜிபி. 2021-இல் டெபியன் 11 நிறுவியபோது, கணினி தொடங்கத் தேவையான இஎஃப்ஐ பிரிவுக்கு அரை ஜிபி, ரூட்டுக்கு 25, ரேம் போதாதபோது துணைநிற்கும் ஸ்வாப்புக்கு 8, மீதமிருந்த 190-ஐ ஹோமுக்கு என்று இந்த வரிசையிலேயே பிரித்தேன். ரூட்டுக்கு 20 முதல் 25 ஜிபி போதும் என்பது அன்று பலரும் சொன்ன அளவு. சொன்ன காலத்தில் அது தவறான அளவும் அன்று. அந்த அளவு எந்தப் பயன்பாட்டை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ரூட்டில் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பார்க்க டியூ கட்டளையை ‘-எக்ஸ்’ தெரிவோடு இயக்கினேன். ஒரே கோப்பு முறைமைக்குள் மட்டும் எண்ணுவதற்கு அந்தத் தெரிவு வேண்டும்; அதை விட்டால் ஹோமும் சேர்ந்து எண்ணப்பட்டுக் கணக்குக் குழம்பும். மொத்தம் 21.9 ஜிபியில் யூஎஸ்ஆர் அடைவு 9.6, பதிவேடுகளும் சேமிப்புகளும் சேரும் வார் அடைவு 11.2, ஆப்ட் 0.7, பூட் 0.4. நிரல்கள் எல்லாம் யூஎஸ்ஆரில்தான் இருக்கின்றன, ஆகவே அதுதான் பெரிதாக இருக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு வார் அதை முந்தியிருந்தது புதிய செய்தி. உள்ளே பார்த்தபோது ஏப்ட்டிலிருந்து வேறான ஃபிளாட்பேக் முறையில் நிறுவிய செயலிகளும் அவற்றுக்கான அடித்தளங்களும் 6.1 ஜிபி பிடித்திருந்தன. ஏப்ட் தரவிறக்கி வைத்துக்கொண்ட பொதிகள் 2 ஜிபி. கணினியின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் பதிவேடு 2.3 ஜிபி. இந்தக் கடைசி எண் தற்செயலாக வந்ததன்று: அந்தப் பதிவேடு, தான் இருக்கும் கோப்பு முறைமையின் அளவில் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வளரும்படி இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. 25 ஜிபி ரூட்டில் அது தன் வரம்பை ஏறத்தாழ எட்டியிருந்தது.

இன்னொரு முரணும் கண்ணில் பட்டது. டிஎஃப் காட்டிய மொத்த அளவு 24.4, பயன்பட்டது 21.9, எஞ்சியது 1.2. கழித்துப் பார்த்தால் 2.5 வரவேண்டும். 25-க்கும் 24.4-க்கும் இடையிலுள்ள வித்தியாசம், கோப்பு முறைமை தன் சொந்தக் கணக்கேடுகளுக்கும், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் ஜர்னலுக்கும் எடுத்துக்கொண்டது. காணாமற்போன 1.3 ஜிபி, எக்ஸ்ட்4 கோப்பு முறைமை நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கிவைக்கும் 5 விழுக்காடு. வட்டு முழுக்க நிரம்பினாலும் கணினியின் பின்னணிச் சேவைகள் எழுதுவதற்குக் கொஞ்சம் இடம் இருக்கவேண்டும், கோப்புகள் சிதறிக் கிடக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ரூட் பிரிவில் அந்த ஒதுக்கீடு பொருள் உள்ளது. அதை நான் குறைக்கவில்லை. தரவு மட்டும் வைக்கும் பிரிவுகளில் அதற்கு வேலையில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஹோமில் இருக்கும் இடத்தை ரூட்டுக்கு மாற்ற முடியாதா என்று பிரிவுகளை மாற்ற உதவும் ஜிபார்ட்டெட் நிரலில் திறந்து பார்த்தேன். எக்ஸ்ட்4 பிரிவு தன் வலது ஓரத்தில் மட்டுமே வளரும். என் ரூட்டின் வலப்பக்கம் ஸ்வாப் இருந்தது. அதை நீக்கிவிடலாம், 8 ஜிபி கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹோமை இடப்பக்க ஓரத்திலிருந்து சுருக்கவேண்டும். அப்படிச் சுருக்குவது, அதிலுள்ள 136 ஜிபி தரவையும் வட்டுக்குள்ளேயே தொகுதி தொகுதியாக நகர்த்தி எழுதும் வேலை. நடுவில் மின்சாரம் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புது இடத்திலுமாகத் தரவு நின்றுவிடும். மின்தடை எப்போது வரும் என்று சொல்லமுடியாத வீட்டில், சிறிய யூபிஎஸ்ஸை மட்டும் நம்பி அதைச் செய்ய நான் துணியவில்லை. துணிந்து செய்து முடித்தவர்கள் உண்டு. முழு நகல் ஒன்றை வெளியே வைத்துக்கொண்டு செய்தால் தவறில்லை. ஆனால் முழு நகல் எடுக்க இன்னொரு வட்டு வேண்டும் என்றால், அந்த வட்டையே புதிதாகப் பிரித்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றியது.

வட்டை மாற்றும்வரை தாக்குப்பிடிக்க மூன்று காரியம் செய்தேன். ஏப்ட்டின் சேமிப்பை ‘கிளீன்’ கட்டளையால் காலிசெய்தேன். பதிவேட்டை 200 எம்பிக்குக் குறைத்தேன். எந்தச் செயலியும் பயன்படுத்தாத பழைய ஃபிளாட்பேக் அடித்தளங்களை ‘-அன்யூஸ்டு’ தெரிவால் நீக்கினேன், 1.5 ஜிபி வந்தது. ரூட்டின் பயன்பாடு 16.3 ஜிபிக்கு இறங்கியது. பதிப்பு உயர்த்தலை அப்போதே செய்திருக்கலாம்தான். ஆனால் வளர்ச்சி நிற்கப்போவதில்லை என்பதால், உயர்த்தாமல் அந்த வாய்ப்பை அளப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

முப்பது நாள் அளவு

தினமும் இரவு பத்து மணிக்கு முக்கியமான பத்து அடைவுகளின் அளவைத் தேதியோடு ஒரு கோப்பில் எழுதிவைக்கும் நான்கு வரிக் கட்டளைத்தொடரை, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரானில் போட்டேன். இந்த வேலையில் நான் செய்தவற்றில் இதுவே அதிகம் பயன்பட்டது. ஒரு நாளின் அளவு இன்று எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். பிரிவின் அளவை முடிவுசெய்ய அது எந்தப் பக்கம், எந்த வேகத்தில் வளர்கிறது என்பதும் தெரியவேண்டும்.

முப்பது நாளில் ரூட் 16.3-லிருந்து 17.1-க்கு வந்தது. ஹோம் 16 ஜிபி வளர்ந்தது. அந்த 16-இல் 14 ஜிபி ஸ்கேன் செய்த பக்கங்கள். பழைய தமிழ் நூல்களை வீட்டில் ஸ்கேன் செய்து, எழுத்துணரியில் இட்டு, தேடக்கூடிய பிடிஎஃப்களாக ஆக்குவது என் ஓய்வுநேர வேலை. டெமி அளவு நூலின் ஒரு பக்கம் ஏறத்தாழ ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் உள்ளது. அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் கோப்பாக எடுத்தால் 1650 பெருக்கல் 2550 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட். அதாவது பக்கத்துக்கு 12 எம்பி. 200 பக்க நூல் ஒன்று 2.35 ஜிபி. மாதம் ஆறு நூல் முடித்தால் 14 ஜிபி என்பது இந்தப் பெருக்கலோடு சரியாகப் பொருந்தியது.

இந்த அளவிலிருந்து ஒன்று தெளிவானது. என் கணினியில் இடம் கேட்பவை ஒரே தன்மையுடையவை அல்ல. ரூட் மெதுவாக வளர்கிறது, பதிப்பு உயர்த்தும் நாளில் மட்டும் திடீரென்று 4 ஜிபி கேட்கிறது. ஹோமில் உள்ள அஞ்சல், உலாவி, ஆவணங்கள் எல்லாம் சேர்ந்து 16 ஜிபி, மாதம் 2 ஜிபி. ஸ்கேன் கோப்புகள் 136 ஜிபி, மாதம் 14 ஜிபி, அனைத்தும் பெரிய கோப்புகள். இவற்றை எல்லாம் நிலையான சுவர்களுக்குள் அடைப்பதே பழைய வட்டில் நேர்ந்த சிக்கலுக்குக் காரணம். ஆகவே புது வட்டில் எல்விஎம் என்று முடிவுசெய்தேன். பிரிவுகளின் சுவரை வட்டின்மேலேயே எழுதாமல், முழு இடத்தையும் ஒரு குழுவாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவுக்குத் தொகுதிகளை வெட்டிக்கொள்ளும் முறை அது. 4 எம்பி துண்டுகளாக இடம் கணக்கிடப்படுவதால், ஒரு தொகுதியின் துண்டுகள் வட்டில் அடுத்தடுத்து இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. வலப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியே எழாது.

எல்விஎம் வந்தவுடன் அளவு முடிவுசெய்யும் முறையும் தலைகீழாகிறது. நிலையான பிரிவுகளில், பிற்பாடு போதாமற்போகுமோ என்று ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகக் கொடுக்கவேண்டியிருக்கிறது. இங்கே ஒவ்வொன்றுக்கும் இப்போது தேவையானதோடு ஓராண்டு வளர்ச்சிக்குரியதை மட்டும் கொடுத்து, மீதியை யாருக்கும் கொடுக்காமல் குழுவிலேயே விட்டுவைப்பதுதான் சரி. எக்ஸ்ட்4-ஐக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். சிறிதாக்க வேண்டுமென்றால் அதைக் கழற்றி, சோதித்து, அதன்பிறகே செய்யமுடியும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையையோ நடைமுறையில் பெரிதாக்க மட்டுமே முடியும். முழு இடத்தையும் முதல் நாளே பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றிடமிருந்து திரும்ப வாங்குவது இதனால்தான் தொல்லை.

அளவுகள்

இஎஃப்ஐ பிரிவுக்கு 512 எம்பி கொடுத்தேன். டெபியன் அதில், இயங்குதளத்தை ஏற்றும் கிரப்பின் சில கோப்புகளை மட்டுமே வைப்பதால் சில எம்பிதான் பயன்படும். இயங்குதளத்தின் மையமான கர்னலையும் அதிலேயே வைக்கும் சிஸ்டம்டி-பூட் போன்ற ஏற்றியைப் பயன்படுத்துவோர் 1 ஜிபி கொடுப்பது நல்லது.

கர்னல்கள் இருக்கும் பூட் பிரிவைத் தனியாக எல்விஎம்முக்கு வெளியே வைத்து 1 ஜிபி கொடுத்தேன். கிரப் எல்விஎம்மைப் படிக்கும், ஆகவே தனிப் பிரிவு கட்டாயமில்லை. பின்னாளில் மற்ற எல்லாவற்றையும் மறையாக்கம் செய்ய விரும்பினால் தொல்லை குறையும் என்பதற்காக வைத்தேன். அளவுக்கு டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பே வழிகாட்டி: கர்னலும் ஃபர்ம்வேரும் பெருத்துவிட்டதால், தனி பூட் பிரிவு குறைந்தது 768 எம்பி அளவும் அதில் சுமார் 300 எம்பி காலியிடமும் இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. பழைய நாளில் 250 எம்பி கொடுத்தவர்கள் கர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய கர்னலை நீக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கர்னலோடு ஏற்றப்படும் தொடக்கக் கோப்பான இனிட்ஆர்டி புதிதாக எழுதப்படும்போது பழையதும் உடனிருக்கும் என்பதால், அந்தக் கணத்துக்கான இடத்தையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

ரூட்டுக்கு 40 ஜிபி. இன்றைய 17, பதிப்பு உயர்த்தும் நாளுக்கான 4, நான் நிறுவப்போகும் அச்சுக்கோப்பு மென்பொருளான டெக்ஸ் லைவின் முழுத் தொகுப்புக்கு ஆறு என்று கூட்டினால் 27. ஃபிளாட்பேக் புதுப்பிக்கும்போது பழைய அடித்தளமும் புதியதும் சிறிது காலம் ஒன்றாக இருக்கும். அதையும் சேர்த்து 40 என்று நிறுத்தினேன். வார் அடைவைத் தனித் தொகுதியாக்கலாமா என்று நீண்ட நேரம் யோசித்தேன். பலர் பயன்படுத்தும் வழங்கியில், பதிவேடுகளோ அஞ்சல் வரிசையோ பெருகி ரூட்டை முடக்கிவிடாமல் இருக்க அது மிகவும் தேவை. தரவுத்தளம், டாக்கர், மெய்நிகர்க் கணினிகளின் வட்டுக் கோப்புகள் ஆகியவையும் இயல்பாக வாருக்குள்தான் சேர்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர் 40 ஜிபி என்ற என் எண்ணை எடுத்துக்கொள்ளவே கூடாது. என் கணினியில் அவை இல்லை. வாரைப் பிரித்தால் இரண்டு சிறு பிரிவுகளில் இரண்டு காலியிடங்கள் உருவாகும், பயன் சிறிது. அதற்குப் பதிலாகப் பதிவேட்டின் உச்ச அளவை 300 எம்பி என்று அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டேன்.

ஸ்வாப்புக்கு 16 ஜிபி. என் கணினியின் ரேம் 16 ஜிபி. ரேமைப் போல் இருமடங்கு ஸ்வாப் என்ற பழைய விதி, ரேம் மெகாபைட்டுகளில் இருந்த காலத்துக்கு உரியது; இன்று அதற்குக் கட்டாயம் இல்லை. உறக்கநிலை வேண்டுமா என்பதுதான் இன்று கேட்கவேண்டிய கேள்வி. மின்சாரம் போனபின் யூபிஎஸ் தாங்கும் பத்து நிமிடத்துக்குள், பாதியில் இருக்கும் வேலையை அப்படியே வட்டில் எழுதிவிட்டு அணையவேண்டும் என்பது எனக்குத் தேவை. கர்னல் எழுதும் நினைவகப் படிமத்தின் இலக்கு அளவு இயல்பாக ரேமில் ஐந்தில் இரண்டு பங்கு என்றாலும், ரேம் நிறைந்திருக்கும்போது அதற்குள் சுருக்க முடியாமற்போகலாம், ஸ்வாப்பில் ஏற்கெனவே வேறு பக்கங்களும் இருக்கலாம். ஆகவே ரேம் அளவுக்கே கொடுத்தேன். கையொப்பமிட்ட ஏற்றியை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் டெபியனில் கர்னல் உறக்கநிலையை அனுமதிப்பதில்லை என்பதையும் ஸ்வாப்பின் அளவை முடிவுசெய்யும் முன் பார்த்துக்கொள்ளவேண்டும். என் கணினியில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. உறக்கநிலை வேண்டாதவருக்கு 4 ஜிபி அளவு ஸ்வாப் கோப்பே போதும், தனிப் பிரிவு தேவையில்லை.

ஹோமுக்கு 40 ஜிபி, ஸ்கேன் தொகுதிக்கு 250 ஜிபி. எல்லாம் சேர்ந்து குழுவிலிருந்து 346 ஜிபி போயிற்று. 118 ஜிபி யாருக்கும் ஒதுக்காமல் நின்றது. கால்வாசி வட்டு வெறுமனே கிடக்கிறதே என்று முதலில் மனம் உறுத்தியது உண்மை. ஆனால் அது எந்தப் பக்கமும் போகக்கூடிய இடம். பழைய ஹோமில் கிடந்த 40 ஜிபிக்கு இல்லாத தகுதி இதற்கு உண்டு.

ஸ்கேன் தொகுதியைத் தனியாக வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். எக்ஸ்ட்4 உருவாகும்போதே எத்தனை கோப்புகள் வரக்கூடும் என்று முடிவுசெய்து, கோப்புக்கு ஒன்றாக அதன் விவரத்தைக் குறிக்கும் ஐநோடுகள் அத்தனைக்கும் இடம் பிடித்துவிடுகிறது. இயல்பான கணக்கு 16 கேபிக்கு ஒரு ஐநோடு, ஒவ்வொன்றும் 256 பைட். 250 ஜிபியில் 1 கோடியே 63 லட்சத்துக்கு மேல் ஐநோடுகள். அவற்றுக்கு மட்டும் 3.9 ஜிபி. என் கோப்போ ஒவ்வொன்றும் 12 எம்பி. அத்தனை ஐநோடுகள் ஒருநாளும் பயன்படா. கோப்பு முறைமையை உருவாக்கும் கட்டளையில் ‘லார்ஜ்ஃபைல்’ என்ற வகையைக் கொடுத்தால் 1 எம்பிக்கு ஓர் ஐநோடு; 2,56,000 ஐநோடுகள், 62.5 எம்பி. அதோடு 5 விழுக்காடு ஒதுக்கீட்டையும் சுழியாக்கினேன், அது 12.5 ஜிபி. இரண்டும் சேர்ந்து 16 ஜிபிக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஏழு நூல்களுக்கான இடம். ஒதுக்கீட்டை டியூன்2எஃப்எஸ் கட்டளையால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஐநோடு விகிதத்தை உருவாக்கிய பின் மாற்ற முடியாது. தொகுதியைப் பெரிதாக்கினால் அதே விகிதத்தில்தான் கூடும். எழுத்துணரி பக்கத்துக்கு ஒன்றாகத் தரும் சிறு உரைக் கோப்புகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்து, இரண்டரை லட்சம் எனக்குத் தாராளம் என்று உறுதிசெய்த பிறகே இதைச் செய்தேன். மின்னஞ்சல்களைத் தனித்தனிக் கோப்பாக வைக்கும் அடைவுக்கோ நிரல் மூலங்களுக்கோ இந்த வகை பொருந்தாது. அங்கே இடம் இருக்கும்போதே ஐநோடு தீர்ந்து, வட்டு நிரம்பிவிட்டது என்ற பிழை வரும். டிஎஃப் கட்டளையை ‘-ஐ’ தெரிவோடு இயக்கினால்தான் காரணம் தெரியும்.

நிறுவியபோது

அக்டோபர் முதல் வாரத்தில் பழைய வட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புது எம்.2 வட்டில் டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவினேன். பழையதைக் கழற்றியது வெறும் முன்னெச்சரிக்கை. பிரிக்கும் திரையில் தவறான வட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே அது இல்லாமலாக்குகிறது.

நிறுவி முடித்து எல்எஸ்பிஎல்கே கட்டளையில் பார்த்தால் ரூட்டும் ஹோமும் 37.3 ஜிபி, ஸ்வாப் 14.9 ஜிபி என்று இருந்தன. நிறுவியில் 40 ஜிபி, 16 ஜிபி என்று நான் இட்டவை 1000 மடங்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தன. ரூட்டுக்கும் ஹோமுக்கும் இது பெரிய விஷயமில்லை. ஸ்வாப் ரேமைவிடச் சிறியதாகிவிட்டது. எல்விஎம்மின் கட்டளைகளில் அளவு கொடுக்கும்போது எழுத்து பெரியதானாலும் சிறியதானாலும் 1024 மடங்குதான் என்பதால், ‘எல்விஎக்ஸ்டெண்டு’ கட்டளையில் 40 ஜி என்று கொடுத்து, கோப்பு முறைமையையும் சேர்த்து வளர்க்கும் ‘-ஆர்’ தெரிவையும் சேர்த்தேன். ரூட் பொருத்தப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகளில் 40 ஆயிற்று. ஸ்வாப்பை அணைத்து, 16-க்கு வளர்த்து, ‘எம்கேஸ்வாப்’ கட்டளையில் அதன் அடையாள எண்ணான பழைய யூயூஐடியையே கொடுத்து மறுபடி உருவாக்கினேன். புது யூயூஐடி வந்துவிட்டால், உறக்கநிலையிலிருந்து எழும்போது எங்கே தேடவேண்டும் என்று இனிட்ஆர்டிக்குச் சொல்லியிருக்கும் அமைப்பையும் மாற்றவேண்டியிருக்கும். அந்த வேலை இதனால் மிச்சம்.

பழைய வட்டை யூஎஸ்பி இணைப்பியில் மாட்டி, எழுத முடியாதபடி பொருத்தி, ஆர்சிங்க் கொண்டு ஹோம் முழுவதையும் நகலெடுத்தேன். உரிமைகள், இணைப்புகள், நீட்டித்த பண்புகள் எல்லாம் வரும்படி தெரிவுகளைக் கொடுத்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அதே கட்டளையைச் சரிபார்ப்புத்தொகை ஒப்பிடும் தெரிவோடு எதையும் எழுதாமல் ஒரு முறை ஓட்டினேன். வேறுபாடு ஒன்றும் வராததைக் கண்டபின்தான் பழைய வட்டைத் தேதியெழுதி அலமாரியில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு ரேமுக்குள் இருக்கிறது என்பது உறைத்தது. அதன் உச்ச அளவு ரேமில் பாதி, என் கணினியில் 8 ஜிபி. நூறு இருநூறு டிஃப் பக்கங்களைச் சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கும் வேலை இரண்டை ஒன்றாக ஓட்டியபோது அது நிரம்பி இரண்டும் நின்றன. டிஎம்பியை வட்டுக்கு மாற்றும் வழி இருந்தாலும், அந்த வேலைக்கு மட்டும் தற்காலிகக் கோப்புகள் ஸ்கேன் தொகுதிக்குள் ஓர் அடைவில் எழுதப்படும்படி சூழல் மாறியை அமைத்தேன். மற்ற நிரல்களுக்கு ரேமில் இருப்பதே வேகம்.

பிறகு

டிசம்பரில் நண்பர் ஒருவர் வீட்டிலிருந்த பழைய மாத இதழ்க் கட்டு ஒன்று ஸ்கேன் செய்ய வந்தது. அது மட்டும் 60 ஜிபி. மாத முடிவில் ஸ்கேன் தொகுதி 227 ஜிபியைத் தொட்டபோது, குழுவிலிருந்து 30 ஜிபி எடுத்துச் சேர்த்தேன். எழுத்துணரி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது; அதை நிறுத்தக்கூட இல்லை. குழுவில் 88 ஜிபி எஞ்சியது.

அந்த இடத்துக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. பெரிய புதுப்பிப்புகளுக்கு முன் ரூட்டின் அப்போதைய நிலையைக் காக்கும் 10 ஜிபி நிழற்படம் ஒன்றை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கெட்டுப்போனால் அதை மீண்டும் ரூட்டோடு இணைத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. மாற்றங்கள் 10 ஜிபியைத் தாண்டினால் நிழற்படம் பயனற்றதாகிவிடும், ஆகவே வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடவேண்டும். பூட் பிரிவு எல்விஎம்முக்கு வெளியே இருப்பதால் நிழற்படத்தில் அது வராது. கர்னலும் மாறியிருந்தால் ரூட்டில் பழைய தொகுதிக்கூறுகளும் பூட்டில் புதிய கர்னலுமாக நின்றுபோகும். இதற்காக நிழற்படம் எடுக்கும் முன் பூட் அடைவின் நகலை ஹோமில் வைத்துக்கொள்கிறேன்.

முடிந்த நூல்களின் டிஃப் கோப்புகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளி வட்டு இரண்டுக்குப் போகும். எத்தனை தொகுதிகளாகப் பிரித்தாலும் எல்லாம் ஒரே வட்டின்மேல்தான் இருக்கின்றன. அந்த வட்டு போனால் எல்லாம் ஒன்றாகப் போகும் என்பதால் இந்த ஏற்பாடு. கிரானில் போட்ட நான்கு வரி இன்னும் தினமும் இரவு பத்து மணிக்கு ஓடுகிறது. இன்றைய வரியின்படி ரூட் 24.6, ஹோம் 19, ஸ்கேன் 236.

அடுத்த வேலை, டெக்ஸ் லைவில் நான் தொடாத மொழித் தொகுப்புகளை நீக்கிவிட்டு ரூட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது.